12, 13 வயதுப் பிள்ளைகளை எந்த ஃபிட்னஸ் வகுப்பில் சேர்ப்பது?

ஜூன் 2, கேள்வி

"பையனுக்கு 12 முடிந்து 13 நடக்கிறது. பள்ளி விட்டு வந்தால் நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஏதாவது ஃபிட்னஸ் வகுப்பில் சேர்க்க நினைக்கிறோம். இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் எடை தூக்க வைக்கிறார்கள், இன்னொன்றில் ஓட்டமும் விளையாட்டும் மட்டும்தான். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். எதில் சேர்ப்பது?"

ஜூன் 2, மாலை

உயரம் நிற்காது. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். சுற்றியுள்ள எலும்பைவிட அது மென்மையானது, பலமாக அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். பயம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று முறையைச் சொல்லிக்கொடுத்து, சிறிய எடையில் தொடங்கிச் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. அடிபடுவது பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்: கனமான டம்ப்பெல்லை எடுத்துக் காலில் போட்டுக்கொள்வது, நண்பனோடு போட்டி போட்டுத் தாங்க முடியாத எடையைத் தூக்கிப் பார்ப்பது.

மாடிப்படியிலிருந்து குதித்து இறங்கினால் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை இதே தட்டுகள்மேல்தான் விழுகிறது. உயரம் நின்றுவிடும், குதிக்காதே என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே எடையா ஓட்டமா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு இடத்திலும் சொல்லித்தருபவர் யார், எப்படிச் சொல்லித்தருகிறார் என்று நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு மகள் பெரியவள், மகன் இளையவன், இருவருமே இந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். நல்ல வகுப்பு, மோசமான வகுப்பு இரண்டிலும் இருந்துவிட்டோம். விளம்பரத் தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

ஜூன் 3

எவ்வளவு நேரம் வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தீவிரமான ஓட்டம் போன்றவையும், தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்ப்பவையும் அதில் இருக்க வேண்டும். சராசரி என்பதால் ஒரு நாள் குறைந்தால் மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

உலக அளவில் பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை என்கிறது 2016ஆம் ஆண்டுத் தரவு. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78. உங்கள் பையன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, அவனைத் திட்ட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று மணி நேர வகுப்பு என்றால் மீதி நான்கு மணி நேரம் வெளியிலிருந்து வர வேண்டும்: நடை, சைக்கிள், நீச்சல், நண்பர்களோடு பந்து. வகுப்பு முடிந்து வந்தவன் அசதியில் இரண்டு நாள் படுத்துக்கொள்கிறான் என்றால் அந்த வகுப்பு அவனுடைய கணக்கைக் குறைக்கத்தான் செய்கிறது.

ஜூன் 3, இரவு

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, நெஞ்சு வலி, படபடப்பு என்று சொல்லியிருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதிலேயே திடீர் மாரடைப்பில் யாராவது போயிருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பு தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆஸ்துமா இருந்தால் சேர்க்காமல் இருக்கத் தேவையில்லை. மருந்து கையில் இருக்க வேண்டும், கோச்சுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 5

"13 வயதுக்கு ஏற்ற பயிற்சி எது" என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். 13 வயது என்பது ஒன்றும் சொல்லாது. ஒரே வகுப்பில் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பையன்களைப் பக்கத்தில் நிற்கவையுங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் இன்னும் சின்னப் பிள்ளைபோல இருப்பான். உடம்பின் கணக்கில் இருவருக்கும் இடையே இரண்டு மூன்று வருட வித்தியாசம்கூட இருக்கலாம்.

இந்த வயதில் உயரம் சட்டென்று ஏறும் ஒரு காலம் வரும். பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12ஐ ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு 14ஐ ஒட்டி அது உச்சத்தில் இருக்கும். முதலில் கைகால்கள் நீளும், உடம்பு பின்னால் வந்து சேரும். எலும்பு நீளும் வேகத்துக்கு அதன் அடர்த்தி ஈடுகொடுக்காது, அதனால் எலும்பு முறிவும் இந்தக் காலத்தில்தான் அதிகம். தசையும் தசைநாணும் இறுகி, அவை எலும்போடு ஒட்டும் இடத்தை இழுக்கும். முழங்கால் சிப்பிக்குக் கீழே முட்டுப்போலப் புடைத்து வலிக்கிறதா? ஆஸ்குட்–ஷ்லாட்டர். குதிகாலின் பின்புறம் அழுத்தினால் துடிக்கிறார்களா? சீவர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், வளர்ச்சி முடியும்போது இரண்டும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் வலியோடு ஓட விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

என் மகளுக்கு இது வந்தது. அதுவரை வகுப்பில் நன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று தடுமாற ஆரம்பித்தாள். பந்து கையிலிருந்து நழுவியது. கால் தனக்குச் சொந்தமில்லாததுபோல நடந்தாள். அப்புறம் குதிகால் வலி. அப்போதைய கோச் அவளைச் சோம்பேறி என்றார். வலியைத் தாண்டினால்தான் முன்னேற்றம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றி வீசிவிட்டு அழுதது இன்றும் எனக்கு ஆறவில்லை.

வேறு இடத்துக்கு மாற்றினோம். அங்கிருந்த பெண் பயிற்சியாளர் முதலில் குதிகாலை அழுத்திப் பார்த்தார். சமீபத்தில் எவ்வளவு வளர்ந்தாள் என்று கேட்டார். தாண்டுவதையும் வேக ஓட்டத்தையும் நிறுத்திவைத்தார். அதே நேரம் கைக்கும் முதுகுக்கும் வயிற்றுக்குமான பயிற்சிகள் தொடர்ந்தன, நீச்சல் போகச் சொன்னார். எந்தக் கட்டத்திலும் அவளை ஓரமாக உட்கார வைக்கவில்லை. வலி போனதும் குதிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்தார்.

பாரத்தை ஏற்ற எல்லா கோச்சுக்கும் தெரியும். எப்போது இறக்குவது என்று தெரிந்தவரைத் தேடுங்கள். இந்த இழையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஜூன் 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் வளரும் காலத்தில் ஓய்வாக விட்டுவிடலாமா" என்று ஒருவர். வேண்டவே வேண்டாம். வளர்ந்தபின் நமக்கு இருக்கப்போகும் எலும்புத் திண்மையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த உச்ச வளர்ச்சியைச் சுற்றிய இரண்டே வருடங்களில் சேர்கிறது. குதிப்பது, ஓடுவது, தள்ளுவது, தூக்குவது எல்லாம் எலும்புக்கு இந்தக் காலத்தில்தான் மிகவும் பயன்படும். நிறுத்த வேண்டியது வலிக்கும் அசைவை மட்டும்.

மாதம் ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி திடீரென்று கூடினால் கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஜூன் 8

வகுப்பை எப்படிப் பார்ப்பது? டிரையல் கிளாஸுக்குப் போனால் எல்லோரும் நன்றாகச் செய்யும் பிள்ளையைத்தான் பார்க்கிறோம். அந்தக் குழுவில் மிகவும் பின்தங்கிய பிள்ளை யார் என்று கண்டுபிடித்து, அவனையே முழு நேரமும் கவனியுங்கள். புஷ்அப் வரவில்லை என்றால் கையை ஒரு மேடைமீது வைத்துச் செய்யச் சொல்கிறார்களா, எண்ணி முடிக்கும்வரை வயிறு தொங்கத் தொங்க விட்டுவிடுகிறார்களா? அவன் பெயர் கோச்சுக்குத் தெரிந்திருக்கிறதா? தாமதமாக வந்ததற்கோ பேசியதற்கோ தண்டனையாக ஓட விடுகிறார்களா? அது இருந்தால் நான் மேற்கொண்டு பார்க்காமல் எழுந்து வந்துவிடுவேன். உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுத்தால் பிள்ளை அதை வாழ்நாள் முழுக்க தண்டனையாகவே நினைக்கும்.

வரிசையில் நின்று காத்திருக்கும் நேரத்தையும் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் பாதி நேரம் தன் முறைக்காக நிற்பதிலேயே போகிற இடங்கள் உண்டு. ஒரு கோச்சுக்குப் பத்துப் பிள்ளைக்குமேல் இருந்தால், அதுவும் எடைப் பயிற்சியில், எனக்கு மனம் ஒப்பாது.

பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடம் வேண்டாம். கோச் பிள்ளையோடு தனியாக மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் இருந்தாலும் வேண்டாம். முதலுதவியும், இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தும் சிபிஆரும் செய்யத் தெரிந்தவர் எப்போதும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

எடை எவ்வளவு என்று விடாமல் கேட்கிறீர்கள், சரி. முதலில் எடையே இல்லாமல், உடம்பை மட்டும் வைத்து ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது), புஷ்அப், பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்தி வைப்பது) சரியான முறையில் வர வேண்டும். அதன்பிறகு லேசான எடை. ஒன்று அல்லது இரண்டு செட், அதாவது இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று, செட்டுக்கு 8 முதல் 15 முறை. வாரம் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். 15 முறையும் முறை தவறாமல் எளிதாக வந்தால் 5 முதல் 10 சதவீதம் ஏற்றலாம். பருவமடைவதற்கு முன் பிள்ளைகளுக்குத் தசை பெரிதாகத் தெரியாது. நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால்தான் வலு கூடுகிறது. இரண்டு மாதம் போயும் கை பருக்கவில்லையே என்று மகன் கேட்டால் அதைச் சொல்லுங்கள். என் மகன் கேட்டான். சொன்னபிறகு கண்ணாடி முன் நிற்பதை விட்டுவிட்டு எத்தனை புஷ்அப் வருகிறது என்று எண்ண ஆரம்பித்தான்.

"உன் உச்ச எடை என்ன" என்று முதல் வாரமே தூக்க வைத்துப் பார்க்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

வார்ம்அப்பைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், அதுதான் பெரிய விஷயம். சிறுவர் கால்பந்துக்காக ஃபிஃபா ஆதரவில் உருவான ஒரு வார்ம்அப் முறை இருக்கிறது, 15 முதல் 20 நிமிடம். ஒற்றைக் காலில் நிற்பது, குதித்துச் சரியாக இறங்குவது, பிளாங்க், விழும் முறை. நான்கு ஐரோப்பிய நாடுகளில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. அடிபடுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டுக் காலை நீட்டி உட்காருவதை மட்டும் வார்ம்அப் என்று நடத்துகிறார்களா என்று பாருங்கள்.

ஜூன் 11

பெண் பிள்ளைகளைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் ஓடிக்கொண்டிருந்தவள். பருவமடைந்தபின் நின்றுவிட்டேன். ஓடாதே என்று யாரும் சொல்லவில்லை, ஓடு என்றும் யாரும் சொல்லவில்லை. உடம்பு மாறியது, உடை பொருந்தவில்லை, மாதவிடாய் நாளில் என்ன செய்வது என்று கேட்க ஆளில்லை. என் மகளுக்கு அது நடக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா முதல் தேவை, காலணிக்கு முன்னாலேயே. உடை மாற்றப் பூட்டுப் போடக்கூடிய அறை இருக்கிறதா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, 'இன்று முடியவில்லை' என்று காரணம் சொல்லாமல் சொல்ல முடியுமா என்று பாருங்கள். மாதவிடாய் நாளில் விருப்பமிருந்தால் தாராளமாகப் பயிற்சி செய்யலாம், சிலருக்கு வலிகூடக் குறையும்.

ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய், பயிற்சி கூடியபின் மாதக்கணக்கில் நின்றுபோனால் அதைத் தீவிரப் பயிற்சியின் அடையாளம் என்று எந்தக் கோச் சொன்னாலும் நம்பாதீர்கள். சாப்பாட்டிலிருந்து வரும் சக்தி செலவுக்குப் போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. எலும்பைப் பாதிக்கும். மருத்துவரிடம் போங்கள்.

திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுகளில் முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) கிழிவது பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடிகிறதா என்று கவனித்துத் திருத்தும் பயிற்சியாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 12

கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்துப் பயிற்சி கொடுக்கலாமா? வேண்டாம். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. சிறுவர்களின் உச்சத் துடிப்பு 195 முதல் 205ஐ ஒட்டியே இருக்கும், 10 வயதிலும் 15 வயதிலும் பெரிய மாற்றம் இல்லை. பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான அளவு. இரண்டு வார்த்தைக்குமேல் வரவில்லை என்றால் தீவிரம். இது போதும்.

ஜூன் 15

20 மீட்டர் பீப் டெஸ்ட்டைப் பற்றி. அடுத்த பீப் ஒலிப்பதற்குள் 20 மீட்டரை ஓடிக் கடக்க வேண்டும், ஒலி போகப்போக வேகமாக வரும், முடியாதவர் வெளியேற வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வைக்கவே கூடாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒவ்வொருவராக வெளியேற, கடைசியாக ஓடுபவனுக்குக் கைதட்டல். முதலில் வெளியேறியவன் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் மகனின் வகுப்பில் நடத்திய விதத்தைப் பார்த்தபின் கொஞ்சம் இளகியிருக்கிறேன். அங்கே ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு என்பது அவனுக்கும் கோச்சுக்கும் மட்டும் தெரியும். முன்னதாக நின்றவர்கள் நண்பனின் சுற்றை எண்ணிச் சொல்ல வேண்டும். அப்படி வைத்தால் சரி.

எடை பார்ப்பதில் இளக மாட்டேன். எல்லோர் முன்னாலும் எடைக்கருவியில் ஏற்றி எண்ணை உரக்கப் படிப்பது 12 வயதுப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. வளரும் வயதில் எடை ஏறித்தான் ஆக வேண்டும். குறைத்துக் காட்டுகிறேன் என்று விளம்பரம் செய்யும் வகுப்புக்கு நம் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். இரண்டு இடத்தையும் பார்த்தார்களாம், அவருக்கு எடைப் பயிற்சி வகுப்பு பிடித்திருக்கிறது, பையன் எதற்கும் வர மாட்டேன் என்கிறான்.

பையனிடம் என்ன கேட்டீர்கள்? 'போகிறாயா இல்லையா' என்று கேட்டால் இந்த வயதில் இல்லை என்றுதான் வரும். 'செவ்வாயா வியாழனா, நண்பனோடா தனியாகவா, எதை முதலில் கற்றுக்கொள்ள ஆசை' என்று கேட்டுப் பாருங்கள். என் மகன் வகுப்புக்கு ஒத்துக்கொண்டதே கயிறு பிடித்து ஏறக் கற்றுத்தருகிறார்கள் என்பதால்தான். உடல்நலம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. ஒரு மாதம் போய்ப் பார், பிடிக்காவிட்டால் வேறு தேடலாம் என்று சொன்னேன். சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். பிடிக்கவில்லை என்று வந்தால் பணம் கட்டியாயிற்றே என்று பேசக் கூடாது.

அவன் ஏன் மறுக்கிறான் என்பதையும் மெதுவாகக் கேளுங்கள். சட்டையைக் கழற்ற வேண்டியிருக்குமோ, பள்ளியில் கேலி செய்யும் பையன் அங்கே வருவானோ என்ற பயமாக இருக்கலாம்.

ஜூன் 22

எதிர்ப் பக்கத்துக் கேள்வி ஒன்று. மகள் வாரம் ஆறு நாள், மொத்தம் 17 மணி நேரம் ஒரே விளையாட்டில், வயது 13. "அவளாக விரும்பித்தான் போகிறாள், என்ன தவறு?"

விருப்பம் நல்லது, அளவு அதிகம். வயது எத்தனையோ வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்குமேல் ஒழுங்கமைத்த பயிற்சி போனால் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். 13 என்றால் 13. வாரம் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் முழு விடுப்பு. வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகி வேறு எதிலாவது இருக்கட்டும், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். ஒரே விளையாட்டு என்று முடிவு செய்வதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் 2016 அறிக்கை.

தூக்கத்தையும் பாருங்கள். 13 முதல் 18 வயதுவரை இரவில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும், 12 வரை 9 முதல் 12. விடியற்காலைப் பயிற்சிக்காக அதில் இரண்டு மணி நேரம் போகிறது என்றால் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள்.

ஜூலை 1

புரோட்டீன் பவுடர்: தேவையில்லை, வீட்டுச் சாப்பாடு போதும். கிரியேட்டின் (தசை வலுவுக்கென்று விற்கும் துணைப்பொருள்): 18 வயதுக்குமுன் வேண்டாம். கோச்சே விற்கிறார் என்றால் வகுப்பை மாற்றுங்கள்.

ஜூலை 6

பையன் சேர்ந்துவிட்டானாம், ஓட்டமும் விளையாட்டும் உள்ள இடத்தில். அவன் நண்பன் அங்கே போகிறானாம். நல்ல முடிவு. அங்கே வலுப்பயிற்சி இல்லை என்று அம்மா கவலைப்படுகிறார். வாரம் இரண்டு நாள், வகுப்பு இல்லாத நாளில் வீட்டிலேயே கால் மணி நேரம் போதும்: ஸ்குவாட், மேடைப் புஷ்அப், பிளாங்க், ஒற்றைக் காலில் நிற்பது. கூடவே நீங்களும் செய்யுங்கள், அவன் உங்கள் முதுகைத் திருத்தட்டும்.

தேர்வு நேரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறார். ஆறு வாரம் அளவுக்கு விட்டால் கூடிய வலு பெரும்பாலும் இறங்கிவிடும். பரவாயில்லை, திரும்ப வரும். தேர்வின்போது வாரம் ஒரு நாள் இருந்தால்கூட இறக்கம் குறையும். திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து வேண்டாம், பாதி அளவிலிருந்து தொடங்கட்டும். அந்த இடைவெளியில் உயரம் ஏறியிருந்தால் அதையும் கோச்சிடம் சொல்லிவிடுங்கள்.